பெயர் வந்திருக்கிறது, ஃபான்ட் வரவில்லை

அனுப்பியவர் 184 பக்கம் என்றார். என் திரையில் 201 பக்கம். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான்.

டிடிபி வேலைக்கு வந்த மூன்றாவது வருடம் அது. ஒரு ஆய்வேட்டின் வேர்டு கோப்பு பிழைதிருத்தத்துக்கு வந்திருந்தது. பொருளடக்கத்தில் இருக்கும் எண்ணும் உள்ளே இருக்கும் பக்கமும் ஒட்டவே இல்லை. பாவம், கவனிக்காமல் விட்டிருக்கிறார் என்று நினைத்து, பொருளடக்கத்தின் மேல் வலது க்ளிக், அப்டேட் ஃபீல்டு, சேவ். திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் கணினியில் ஏடு பழையபடி 184 பக்கமாகவே திறந்தது. அப்படியே அச்செடுத்து பைண்டும் செய்துவிட்டார். பொருளடக்கம் மட்டும், கடைசி இயல் 189ஆம் பக்கத்தில் தொடங்குவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவர் பயன்படுத்திய ஃபான்ட் என் கணினியில் இல்லை, அவ்வளவுதான் விஷயம். வேர்டு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தன்னிடம் இருந்த வேறொன்றை எடுத்துப் போட்டுவிட்டு, மேலே ஃபான்ட் பெயர் காட்டும் பெட்டியில் பழைய பெயரையே காட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான். பெட்டியில் பெயர் தெரிகிறது என்பதால் அந்த ஃபான்ட் உங்களிடம் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

சாதாரணமாகச் சேமித்த வேர்டு கோப்புக்குள் ஃபான்ட், அதாவது எழுத்துரு, இருக்காது. எழுத்துருவின் பெயர்தான் இருக்கும். திறக்கும் கணினி அந்தப் பெயரைத் தன்னிடம் தேடும். கிடைக்காவிட்டால் ஏதோ ஒன்றை நிறுத்தும். மாற்றாக வந்த ஃபான்ட்டில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு மயிரிழை அகலம் கூடினாலே போதும். வரிக்கு ஒரு சொல் கீழே இறங்கும், பத்தி ஒரு வரி வளரும், 184 என்பது 201 ஆகும்.

ஆகவே கோப்பைத் திறந்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் சேவ் பண்ணாதீர்கள். மூடிவிட்டு, ஒரு நகல் எடுத்து, நகலைத் திறங்கள். இனி நான் சொல்வதெல்லாம் அந்த நகலில் செய்ய வேண்டியவை.

என்ன மாதிரிக் கோளாறு என்று பாருங்கள்

எல்லாவற்றையும் "ஃபான்ட் பிரச்சினை" என்று ஒரே பெயரில் சொல்கிறோம். பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய முடிந்தால் பாதி நேரம் மிச்சம்.

எழுத்தெல்லாம் ஒழுங்காகப் படிக்க முடிகிறது, பக்கம் மட்டும் தள்ளிப்போயிருக்கிறது, அட்டவணையின் கட்டத்துக்குள் எழுத்து மடிந்து விழுகிறது என்றால், எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும். இடத்துக்கு வேறு ஃபான்ட் வந்து உட்கார்ந்திருக்கிறது.

வெறும் கட்டங்களாகத் தெரிந்தால், வந்த ஃபான்ட்டில் அந்த எழுத்துக்கே வடிவம் இல்லை என்று பொருள். இந்தக் கட்டங்களுக்கு டோஃபு என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. கூகுள் வெளியிட்ட நோட்டோ ஃபான்ட் குடும்பத்தின் பெயரே "டோஃபு வேண்டாம்" என்பதிலிருந்து வந்ததுதான். கட்டம் பயமுறுத்தும், ஆனால் இருப்பதிலேயே சாதுவான கோளாறு இது. உரை உள்ளே பத்திரமாக இருக்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழோ விண்டோஸின் நிர்மலா யுஐயோ போட்டால் எழுத்து எழுந்து வந்துவிடும்.

தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கன்னாபின்னாவென்று தெரிந்தால், அது பழைய குறியேற்றத்தில் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்று கணினிக்குச் சொல்லும் கணக்கு) அடித்த உரை. அதற்குத் தனி வைத்தியம், பின்னால் வருகிறேன்.

இன்னொன்று சின்னது, ஆனால் பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது. வாக்கியத்தின் முடிவில் சம்பந்தமே இல்லாமல் ஒரு ஆங்கிலப் பெரிய ஜே. பட்டியலில் டிக் குறி இருக்க வேண்டிய இடத்தில் தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ஆங்கில யு. இரண்டுமே விங்டிங்ஸ் வேலை. அந்த ஃபான்ட்டில் ஜே இருக்கும் இடத்தில் சிரித்த முகமும், புள்ளி வைத்த யு இருக்கும் இடத்தில் டிக்கும் வரைந்திருக்கிறார்கள். விங்டிங்ஸ் இல்லாத கணினியில் முகமூடி கழன்று எழுத்து தெரிகிறது. எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு மின்னஞ்சலில் ஒவ்வொரு வரியும் ஜே என்று முடிந்ததைப் பார்த்துவிட்டு, என்னோடு வேலை பார்க்கும் தம்பி, "அக்கா, இவரு பேரு ஜே-ல ஆரம்பிக்குதா?" என்று கேட்டான்.

பெயரைக் கண்டுபிடிப்பது

வேர்டில்: ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு. கொஞ்சம் கீழே உருட்டினால் ஃபான்ட் சப்ஸ்டிடியூஷன் என்று ஒரு பொத்தான். அழுத்தினால் இடப்பக்கம் இல்லாத ஃபான்ட், வலப்பக்கம் அதற்குப் பதிலாக வேர்டு நிறுத்தியிருப்பது. நான் எந்தக் கோப்பை வாங்கினாலும் முதல் வேலையாக இங்கேதான் போகிறேன். அதே பெட்டியில் கன்வர்ட் பெர்மனன்ட்லி என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால் கோப்பில் இருக்கும் பழைய பெயரே அழிந்து புதுப் பெயர் ஏறிவிடும். அனுப்பியவரிடம் திரும்பப் போக வேண்டிய கோப்பு என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வேர்டுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கொஞ்சம் நேர்மையானது. இல்லாத ஃபான்ட்டின் பெயரைப் பெட்டியில் சாய்ந்த எழுத்தில் காட்டும். புத்தகப் பக்கம் வடிவமைக்கும் அடோபியின் இன்டிசைன் அதையும் தாண்டி, திறக்கும்போதே எச்சரித்துவிட்டு, மாற்று ஃபான்ட் விழுந்த வரிகளுக்கெல்லாம் இளஞ்சிவப்புப் பூசிவிடும். டைப் மெனுவில் ஃபைண்டு ஃபான்ட் போனால் எந்தப் பக்கம் என்பதுவரை தெரியும்.

வேர்டே இல்லாத கணினியில் பெயர் தெரிய வேண்டுமா? டாக்எக்ஸ் என்பது வேறொன்றுமில்லை, ஒரு ஜிப் பொட்டலம். நகலின் பெயரில் கடைசியில் இருக்கும் டாக்எக்ஸை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால் உள்ளே வேர்டு என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஃபான்ட் டேபிள் என்று ஒரு கோப்பு. நோட்பேடில் திறந்தால் பெயர்கள் வரிசையாக இருக்கும். பட்டியலில் இருப்பதெல்லாம் ஆவணத்தில் உண்மையில் பயன்பட்டவை என்று சொல்ல முடியாது. முன்பு எப்போதோ வந்துபோன பெயரும் தங்கியிருக்கும்.

லதா எங்கே போனாள்?

பெயர் தெரிந்ததும் இணையத்தில் தேடி, எதையோ தரவிறக்கி, வைரஸோடு திரும்பி வருவதுதான் வழக்கம். அதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். பல சமயம் அந்த ஃபான்ட் உங்களுக்குச் சொந்தமானதாகவே இருக்கும்.

லதாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் விண்டோஸில் தமிழ் என்றால் லதாதான். எத்தனை ஆயிரம் ஆவணங்கள் அதில் அடித்திருப்போம்! விண்டோஸ் 10 வந்தபோது லதாவும் விஜயாவும் கூடுதல் ஃபான்ட் என்ற கணக்கில் தனியே போய்விட்டன. புதிதாக வாங்கிய கணினியில் நிர்மலா யுஐ இருக்கும், லதா இல்லாமல் இருக்கலாம். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று தேடி, சேர்ப்பதற்கான பட்டியலில் தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டும் வந்து சேரும். காசு கிடையாது, களவு கிடையாது.

ஆங்கிலத்திலும் இதே கதை நடந்தது. 2007 ஆபீஸிலிருந்து இயல்பு ஃபான்ட்டாக இருந்த கலிப்ரியின் இடத்துக்கு மைக்ரோசாஃப்ட் 2023இல் ஆப்டோஸைக் கொண்டுவந்தது. புது வேர்டில் ஒருவர் எதையும் மாற்றாமல் தட்டிய கடிதம், பழைய ஆபீஸ் இருப்பவருக்கு ஃபான்ட் இல்லாத கோப்பாகப் போய்ச் சேருகிறது. அனுப்பியவருக்கு ஆப்டோஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

ஃபான்ட் கோப்பு கையில் வந்துவிட்டால் நிறுவுவது பெரிய காரியமில்லை. விண்டோஸில் அதன் மேல் வலது க்ளிக் செய்து "இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்" என்பதைக் கொடுங்கள். வெறும் இன்ஸ்டால் கொடுத்தால் உங்கள் கணக்குக்கு மட்டும் பதிவாகும். சில மென்பொருள்கள் அந்த இடத்தை எட்டிப் பார்ப்பதே இல்லை. மேக்கில் ஃபான்ட் புக், லினக்ஸில் ஹோமுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டர். எதுவானாலும் வேர்டை முழுதாக மூடித் திறந்த பிறகு பாருங்கள். கூடவே குடும்பம் முழுதும் வந்ததா என்று பாருங்கள்: சாதாரணம், போல்டு, இட்டாலிக், போல்டு இட்டாலிக் என்று நான்கு. சாதாரணம் மட்டும் இருந்தால் வேர்டு அதையே தடித்துக் காட்டி போல்டு என்று ஏமாற்றும். தமிழில் அந்தப் பொய் போல்டு அச்சில் சகிக்காது. ண-வின் சுழிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும்.

பழைய சேகரிப்பில் போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 என்ற பழைய வகை ஃபான்ட்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 ஜனவரியோடு அடோபி தன் மென்பொருள்களில் அவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. நிறுவியிருந்தும் இன்டிசைன் "இல்லை" என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். அதே ஃபான்ட்டின் இன்றைய ஓப்பன்டைப் வடிவம் தேட வேண்டியதுதான்.

கிடைக்கவே கிடைக்காவிட்டால்

அனுப்பியவரிடமே கேட்பதுதான் நேர்வழி. அதுவும் முடியாதபோது மாற்று. அழகு பார்த்து மாற்று தேடாதீர்கள், அகலம் பார்த்துத் தேடுங்கள். கலிப்ரிக்கு கார்லிட்டோ, கேம்பிரியாவுக்கு கலடியா, ஏரியலுக்கு லிபரேஷன் சான்ஸ், டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப். இவையெல்லாம் இலவசம். ஒவ்வொரு எழுத்தும் அசலின் அகலத்தையே கொண்டிருக்கும்படி செய்தவை. முகம் வேறு, தோள் அகலம் ஒன்று. வரி உடைவது அதே இடத்தில்தான். தமிழில் இந்த வசதியை எதிர்பார்க்காதீர்கள். ஃபான்ட் மாறினால் பக்கம் மாறும் என்று கணக்கு வைத்தே வேலை செய்யுங்கள்.

லிப்ரே ஆபீஸில் எனக்குப் பிடித்த ஒன்று: டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஃபான்ட்ஸ் என்று போனால் ஒரு மாற்று அட்டவணை இருக்கும். இந்த ஃபான்ட் வந்தால் அதைக் காட்டு என்று எழுதி வைத்துவிடலாம். திரையிலும் அச்சிலும் மட்டும் மாற்றம். கோப்பில் அசல் பெயர் அப்படியே இருக்கும். திருப்பி அனுப்ப வேண்டிய ஆவணத்துக்கு இதைவிட மரியாதையான வழி இல்லை.

வேர்டில் மாற்றும்போது தமிழுக்கு மட்டும் உள்ள ஒரு குழி. ஸ்டைலில் ஃபான்ட் பெட்டியைத் திறந்தால் லத்தீன் டெக்ஸ்ட் என்று ஒரு இடம், காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்று இன்னொரு இடம். யுனிகோடு (எல்லா மொழிக்கும் பொதுவான இன்றைய குறியேற்றம்) தமிழ் இரண்டாவதில்தான் ஃபான்ட்டைத் தேடும். மேலே மட்டும் மாற்றிவிட்டு "மாத்திட்டேன், மாறவே மாட்டேங்குது" என்று புலம்பியவர்களில் நானும் ஒருத்தி.

ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

பாமினி ஃபான்ட்டில் "தமிழ்" என்று அடித்த கோப்பை, பாமினி இல்லாத கணினியில் திறங்கள். சின்ன எழுத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. இதுதான் தெரியும். கோப்புக்குள் உண்மையில் இருப்பதும் அதுதான்! ஜே-யின் இடத்தில் த-வை வரைந்து வைத்திருந்தது ஃபான்ட். கே-யும் பி-யும் சேர்ந்தால் மி, ஓ-வும் அரைப்புள்ளியும் சேர்ந்தால் ழ். கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழே கிடையாது, தமிழ் வேஷம் கட்டிய ஆங்கிலம்.

ஆகவே இங்கே நிர்மலாவையோ நோட்டோவையோ போட்டு ஒரு பயனும் இல்லை. ஒன்று, அதே பாமினியை நிறுவ வேண்டும். இல்லையென்றால் உரையை யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். படித்துவிட்டு மூடப்போகும் கோப்பு என்றால் நிறுவுங்கள். திருத்தவோ தேடவோ இணையத்தில் ஏற்றவோ வேண்டும் என்றால் மாற்றுங்கள்.

பழைய குறியேற்றம் பாமினி மட்டுமல்ல. டிஸ்கி, 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய டாம், டாப், நிறுவனத்துக்கு ஒன்றாக முளைத்த மற்றவை என்று ஒரு படையே உண்டு. ஒரே க, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு எண்ணில் இருக்கும். 2010இல் அரசு யுனிகோடையும் தமிழுக்கென்றே உள்ள டேஸ் 16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்த பிறகும் பழைய கோப்புகள் பழையபடிதானே இருக்கும்? அதனால்தான் ஃபான்ட்டின் பெயர் முக்கியம் என்கிறேன். பெயர் தெரிந்தால் குறியேற்றம் தெரியும், குறியேற்றம் தெரிந்தால் யுனிகோடுக்கு மாற்றும் கருவியில் எந்த வரியைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியும். பெயர் போய்விட்டதென்றால், அதாவது யாரோ எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஏரியல் போட்டுச் சேமித்துவிட்டார்கள் என்றால், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மாற்றுவதற்கு என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி இலவசக் கருவிகள் போதும். கருவியைவிடச் செய்யும் முறைதான் காலை வாரும். கோப்பில் நடுநடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருக்கும். மொத்தத்தையும் ஒரே வீச்சில் மாற்றினால் அவையும் தமிழ்க் குப்பையாகிவிடும். பாமினியில் இருக்கும் ஒரு சொல்லின் மேல் கர்சரை வைத்து, ஹோம் தாவலில் செலக்ட் என்பதில் ஒரே வடிவமைப்புள்ள உரையைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்தால் எங்கெங்கே பாமினி என்று சட்டென்று தெரியும். அந்தத் துண்டுகளை மட்டும் மாற்றுங்கள். மெதுவான வேலைதான்.

மாற்றிய பிறகு நான் தவறாமல் பார்க்கும் ஒரு இடம் உண்டு. பழைய குறியேற்றத்தில் "கொ" என்பதற்கு முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடித்திருப்பார்கள். யுனிகோடில் க முதலில், உயிர்க்குறி பின்னால். மாற்றும் கருவி இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். வரி முடிவில் கொம்பும் எழுத்தும் பிரிந்திருந்தால் அதனால் முடியாது. கொம்பு மட்டும் அநாதையாக, புள்ளிவட்டத்தோடு நிற்கும். ஃபைண்டு பெட்டியில் ஒரு இடைவெளியும் அதையடுத்து ஒற்றைக்கொம்பும் கொடுத்துத் தேடுங்கள். இரட்டைக்கொம்புக்கும் ஐகாரக் கொம்புக்கும் அப்படியே. முந்நூறு பக்கத்தில் பத்துப் பதினைந்து அகப்படும்.

பிடிஎஃப் என்றால் கவலை இல்லையா?

பெரும்பாலும் இல்லை. பிடிஎஃப் உருவாகும்போது ஃபான்ட்டும் உள்ளே போய்விடும். ஆனால் கட்டாயமாக அல்ல. அக்ரோபேட் ரீடரில் கன்ட்ரோல் டி அழுத்தி ஃபான்ட்ஸ் தாவலைப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் எம்பெடட் சப்செட் (உள்ளே வைத்தது) என்று இருந்தால் நிம்மதி. அது இல்லாமல் கீழே ஆக்சுவல் ஃபான்ட் என்று வேறொரு பெயர் இருந்தால், நீங்கள் பார்ப்பது அனுப்பியவர் பார்த்தது அல்ல. ஹெல்வெட்டிகா, டைம்ஸ், கூரியர், சிம்பல் போன்ற 14 அடிப்படை ஃபான்ட்களைப் பழைய பிடிஎஃப்கள் உள்ளே வைக்காமலேயே விட்டுவிடும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ரீடரே சமாளித்துக்கொள்ளும். தமிழ் ஃபான்ட் உள்ளே இல்லை என்றால் மட்டும் திருப்பி அனுப்பி, மறுபடி உருவாக்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் பாதுகாக்க வேண்டிய ஆவணம் என்றால் பிடிஎஃப்-ஏ வடிவத்தில் கேளுங்கள். அதில் ஃபான்ட்களை உள்ளே வைப்பது விதி.

சப்செட் என்பது பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் அள்ளிக்கொண்டது. ஆவணத்தில் "ஞ" எங்குமே வரவில்லையென்றால் உள்ளே இருக்கும் ஃபான்ட்டில் ஞ இருக்காது. பிடிஎஃப்பிலேயே "ஒரே ஒரு சொல்லை மாத்திக் குடுங்க" என்று கேட்பவர்களிடம் நான் முகம் சுளிப்பது இதனால்தான்.

நீங்கள் அனுப்பும்போது

வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ். கடைசியில் எம்பெட் ஃபான்ட்ஸ் இன் த ஃபைல். லிப்ரே ஆபீஸில் ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபான்ட் தாவல். பெறுபவர் திருத்தப்போகிறார் என்றால் "பயன்படுத்திய எழுத்துகள் மட்டும்" என்ற துணைத் தேர்வை டிக் செய்யாதீர்கள். மேலே சொன்ன ஞ கதைதான். எல்லா ஃபான்ட்டும் உள்ளே போக ஒப்புக்கொள்ளாது. விண்டோஸில் ஃபான்ட் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் எம்பெட் செய்ய அனுமதி உண்டா என்று விவரத்திலேயே இருக்கும். அனுமதி இல்லாத, காசு கொடுத்து வாங்கிய ஃபான்ட்டைத் தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்புவது உரிமத்தை மீறுவது. எல்லாரும் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இன்டிசைன்காரர்கள் பேக்கேஜ் கொடுத்து, கோப்போடு டாக்குமென்ட் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரையும் சேர்த்தே அனுப்புங்கள். அந்த ஃபோல்டர் கோப்பின் பக்கத்தில் இருந்தால் நிறுவாமலேயே இன்டிசைன் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்; வெளியே இழுத்து வேறெங்காவது போட்டால் எடுத்துக்கொள்ளாது.

கூடவே ஒரு பிடிஎஃப். திருத்துவதற்கு வேர்டு, எப்படி இருக்க வேண்டும் என்று பார்ப்பதற்குப் பிடிஎஃப். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 184க்கும் 201க்கும் உள்ள வித்தியாசம் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அனுப்பும் முன் உங்கள் கணினியில் திறந்து பார்த்துத் திருப்திப்படுவதில் அர்த்தமில்லை, அங்கேதான் எல்லா ஃபான்ட்டும் இருக்கிறதே. நான் கைப்பேசிக்கு அனுப்பித் திறந்து பார்க்கிறேன். அதில் என் தமிழ் ஃபான்ட் ஒன்றுகூடக் கிடையாது. போன வாரம் ஒரு அழைப்பிதழை அப்படித் திறந்தபோது தலைப்பு மட்டும் கட்டம் கட்டமாக நின்றது. "அக்கா, சிஸ்டத்துல நல்லாத்தானே இருக்கு?" என்றான் தம்பி. மறுபடி பிடிஎஃப் எடுக்கச் சொன்னேன்.